கால் மேல் தப்பில்லை! (ஷூ அளவின் கதை)



சென்ற கட்டுரை கடன் பத்திரங்களைப் பற்றியது. வகுப்பில் பாதிப் பேர் மூன்றாவது பத்தியிலேயே தூங்கிவிட்டதாகச் சொன்னார்கள். அதனால் இந்த முறை செருப்பைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன் :-) சிரிக்காதீர்கள். விஷயம் கொஞ்சம் சீரியஸ்தான்.

என் தங்கைக்கு வயது பதின்மூன்று. ஆறு மாதமாக ரோலர் ஹாக்கி பழகுகிறாள். சக்கரம் வைத்த ஷூவில் ஓடிக்கொண்டே மட்டையால் பந்தை அடிக்க வேண்டும். எங்கள் அம்பத்தூர் தெருவில் நடப்பதே ஒரு சாகசம், இதில் சக்கரம் வேறு. அவளுக்கு ஸ்கேட் வாங்கப் போன அன்று கடைக்காரர் அவள் காலைப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்குக் கால் ரொம்ப அகலம் சார், ரெண்டு சைஸ் பெருசாப் போனாதான் உள்ள நுழையும்" என்றார். அப்பாவுக்கும் அது பிடித்துவிட்டது. "வளர்ற கால்தானே, ரெண்டு வருஷம் ஓடும்." கையுறையும் அதே கணக்கில் பெரிதாக வந்தது.

ஆறு மாதம் கழித்து என்ன ஆயிற்று? குதிகாலில் கொப்புளம். திருப்பத்தில் கால் ஷூவுக்குள் ஒரு பக்கம் போகிறது, ஷூ வேறு பக்கம் போகிறது. கையுறைக்குள் விரல் நுனியில் காலி இடம் இருப்பதால் மட்டை நழுவுகிறது. போன மாதம் ஒரு நாள் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் ஸ்கேட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "அண்ணா, என் கால்தான் வாத்துக் கால். எனக்கு இதெல்லாம் செட் ஆகாது" என்றாள்.

அந்த வார்த்தை என்னை என்னவோ செய்தது. ஆறு மாதத்தில் இந்தப் பெண் கற்றுக்கொண்ட முதல் பாடம் தன் கால் தப்பு என்பதா? ஷூவின் மேல் ஒரு எண் எழுதியிருக்கிறதே, அதை யார் எழுதினார்கள், யாருடைய காலைப் பார்த்து எழுதினார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

வாற்கோதுமையும் நெல்லும்

நம் ஊர்க் கடைகளில் 5, 6, 7 என்று சொல்கிறோமே, அது ஆங்கிலேய அளவு. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். ஏன் மூன்றில் ஒரு பங்கு? பழைய இங்கிலாந்தில் மூன்று வாற்கோதுமை மணிகளை வரிசையாக வைத்தால் ஒரு அங்குலம். ஆகவே ஒரு சைஸ் என்பது ஒரு வாற்கோதுமை! ஷூ அளவுக்கு எண் போடும் இந்த முறையை ராண்டில் ஹோம் என்பவர் 1688லேயே எழுதி வைத்திருக்கிறார். நாம் மட்டும் சும்மா இருந்தோமா? எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்று நம்மவர்களும் தானியத்தை வைத்துத்தான் அளந்தார்கள். அவர்களுக்கு வாற்கோதுமை, நமக்கு நெல். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அந்தக் காலத்தில் இந்த எண்ணுக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. செருப்புத் தைப்பவர் காலைப் பார்த்துத் தைத்தார். நம் ஊரில் காகிதத்தின் மேல் காலை வைத்துக் கரியால் சுற்றிக் கோடு போட்டுத் தைத்த கதையை உங்கள் தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள். இன்னொரு வேடிக்கை: ஐரோப்பாவில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, பெரும்பாலான ஷூக்களுக்கு இடது வலது கிடையாது. இரண்டும் ஒரே அச்சு. போட்டுப் போட்டுத்தான் அது காலின் வடிவத்துக்கு வரவேண்டும்.

பிறகு இயந்திரங்கள் வந்தன. 1819 வாக்கில் அமெரிக்காவில் தாமஸ் பிளான்சார்ட் என்பவர் துப்பாக்கியின் மரக் கைப்பிடியை அச்சுப் பிசகாமல் கடைந்தெடுக்க ஒரு கடைசல் இயந்திரம் செய்தார். அதே இயந்திரம் ஷூ தைப்பதற்கான மரக் கட்டையைக் கடையவும் பயன்பட்டது. காலின் வடிவில் இருக்கும் அந்தக் கட்டையைத் தொழிலில் 'லாஸ்ட்' என்பார்கள். 1858ல் லைமன் பிளேக் ஷூவின் அடிப்பாகத்தைத் தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1883ல் யான் மாட்சலிகர், தோலைக் கட்டையின் மேல் இழுத்துப் பொருத்தும் வேலையையும் இயந்திரத்துக்குக் கொடுத்தார். இப்போது ஷூ பல்லாயிரக்கணக்கில் வரும், விலையும் குறையும். ஆனால் முன்பு ஷூ காலைத் தேடி வந்தது. இனிமேல் கால்தான் எண்ணைத் தேடிப் போக வேண்டும்.

எங்கள் பாடம் இங்கே வருகிறது

காலுக்கு நீளம் மட்டுமா இருக்கிறது? அகலம், பாதத்தின் உயரம், குதிகாலின் பருமன் எல்லாம் உண்டு. இதை அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரத்து ஷூ கடைக்காரரின் மகன் சார்லஸ் பிரானக் புரிந்துகொண்டார். 1920களில் அவர் செய்த உலோகக் கருவி மூன்றை அளந்தது: முழு நீளம், அகலம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை உள்ள தூரம். ஆக, நூறு வருடத்துக்கு முன்பே விஷயம் தெரியும். பிறகு ஏன் நம் கடைகளில் ஒரே ஒரு எண்?

பி.காம் மாணவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரு கடையில் எட்டு நீளம், மூன்று நிறம் என்றால் இருபத்து நான்கு பெட்டிகள். ஒவ்வொரு நீளத்துக்கும் நான்கு அகலம் வைத்தால் அதுவே தொண்ணூற்றாறு. அத்தனை பெட்டிக்கும் பணம் முடங்க வேண்டும், இடம் வேண்டும், விற்காமல் மிஞ்சினால் நஷ்டம். அதனால் அகலத்தை வெட்டிவிட்டார்கள். கடைக்காரருக்குச் சரக்குச் செலவு மிச்சம். அந்த மிச்சத்துக்கான வட்டியைக் கட்டியது என் தங்கையின் குதிகால். அகலமான கால் உள்ளவர் என்ன செய்வார்? நீளமான ஷூவை வாங்கி அதில் அகலத்தைத் தேடுவார். அகலம் கிடைக்கும், கூடவே முன்னால் காலி இடமும் பின்னால் வழுக்கும் குதியும் இலவசம்.

ஹாக்கிக்காரர்கள் கழற்றிய ஷூ

ஷூ சரிப்படாவிட்டால் நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு ஹாக்கி வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1936 ஆகஸ்ட் 15, பெர்லின் ஒலிம்பிக் இறுதி ஆட்டம், இந்தியா - ஜெர்மனி. முந்தைய மழையால் தரை ஈரம். இடைவேளையில் இந்தியா 1-0 மட்டுமே. பிறகு தியான் சந்த் ஆணி வைத்த ஷூவையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு ஆடினார். வெறுங்கால் என்கிறார்கள் சிலர், ரப்பர் அடி வைத்த ஷூ என்கிறார்கள் சிலர். முடிவு 8-1. பன்னிரண்டு வருடம் கழித்து 1948ல் லண்டன் வெம்பிளியில் நனைந்த தரையில் பிரிட்டனை 4-0 என்று வென்ற இறுதி ஆட்டத்திலும் கே.டி. சிங் பாபுவும் கிஷன் லாலும் ஷூவைக் கழற்றிவிட்டு ஆடியதாகச் சொல்வார்கள்.

இந்தக் கதைகளைக் கேட்டால் நமக்குப் பெருமையாக இருக்கும். எனக்கும்தான். ஆனால் இதை "நமக்கெல்லாம் ஷூவே தேவையில்லை" என்று படித்தால் தப்பு. அந்தத் தரைக்கு அந்த ஷூ சரிப்படவில்லை, கழற்றினார்கள். தரை மாறியபோது கழற்றும் வசதியும் போய்விட்டது. 1975ல் கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பை வென்ற அணி, அடுத்த வருடமே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஏழாவது இடம். ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு வந்தது அங்கேதான். தோல்விக்குத் தரை மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதிய தரைக்குப் புதிய பழக்கமும் புதிய கருவிகளும் தேவைப்பட்டன. நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980ல் மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியதும் செயற்கைத் தரையில்தான்.

கையுறையின் கதையும் இந்தத் தரையோடு ஒட்டியது. செயற்கைத் தரையில் பந்தைத் தடுக்க மட்டையைத் தரையோடு படுக்க வைக்கிறார்கள். அப்போது இடது கை முட்டி தரையில் உரசும், தோல் போய்விடும். அதனால்தான் பல ஆட்டக்காரர்கள் இடது கையில் மட்டும் உறை போடுவதைப் பார்க்கிறோம். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் 2023ல் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்தபோது பார்த்திருப்பீர்கள். இறுதியில் மலேசியாவை 4-3 என்று வென்றோமே, அதுதான். கையுறை பெரிதாக இருந்தால் பிடி நழுவும், சிறிதாக இருந்தால் விரல் மடங்காது. உள்ளங்கையின் சுற்றளவையும் நடுவிரலின் நீளத்தையும் அளந்து வாங்க வேண்டிய பொருளை நாம் 'சின்னது, நடுத்தரம், பெரியது' என்று கண்ணால் பார்த்து வாங்குகிறோம்.

சக்கரம் வந்த வழி

சக்கர ஷூவின் ஆரம்பம் ஒரு விபத்து. 1760களில் லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் என்ற கருவி செய்பவர், சக்கரம் வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு வயலின் வாசித்தபடி ஒரு விருந்துக்குள் நுழைந்தாராம். நிறுத்தவும் தெரியவில்லை, திரும்பவும் தெரியவில்லை. விலை உயர்ந்த நிலைக்கண்ணாடியில் மோதிக் கண்ணாடியும் போய், வயலினும் போய், ஆளுக்கும் பலத்த காயம். (எங்கள் தெருவில் என் தங்கையின் முதல் நாளும் ஏறக்குறைய இப்படித்தான். வயலின் மட்டும் இல்லை.)

திரும்பும் வழியைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் பிளிம்ப்டன், 1863ல். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரங்கள், நடுவில் ரப்பர். உடம்பைச் சாய்த்தால் ஸ்கேட் திரும்பும். பிறகு வந்த ஸ்கேட்களில் ஷூவே கிடையாது. ஒரு இரும்புத் தட்டைச் சாதாரண ஷூவின் அடியில் சாவி போட்டு இறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். தட்டை நீட்டலாம், குறுக்கலாம். அளவுப் பிரச்சினைக்கு மலிவான தீர்வு! ஆனால் கணுக்காலுக்குப் பிடிப்பு இல்லை. 1980ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஸ்காட் ஆல்சன், பிரெனன் ஆல்சன் என்ற ஹாக்கி ஆடும் சகோதரர்கள், பனி இல்லாத கோடையிலும் பழக வேண்டும் என்று ஹாக்கி பூட்ஸின் அடியில் சக்கரங்களை ஒரே வரிசையாகப் பொருத்தினார்கள். என் தங்கை போடும் ஸ்கேட் அந்த வம்சம்தான்.

இதற்கு நேர் எதிரான வேலை நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1970களில் லடாக்கில் உறைந்த குளங்களில் ராணுவத்தினர் பனி ஹாக்கி ஆடத் தொடங்கியபோது ஸ்கேட் ஏது? ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்தி ஆடினார்கள். நம் ஆவடியிலும் ராணுவத்துக்கு உடை தைக்கும் தொழிற்சாலை 1961லிருந்து இருக்கிறது. 2021 அக்டோபர் முதல் அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வருகிறது. அந்தப் பக்கம் ரயிலில் போகும்போதெல்லாம், இங்கே தைத்த சட்டை ஏதாவது ஒன்று லே குளத்தில் ஹாக்கி ஆடியிருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். அப்படி ஆரம்பித்தவர்களுக்கு 1989ல் இந்தியப் பனி ஹாக்கிச் சங்கம் உருவானது. 2025ல் நம் பெண்கள் அணி ஆசியக் கோப்பையில் வெண்கலமே வாங்கிவிட்டது.

நம்ம சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக வேக ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வென்றதும் நினைவிருக்கும். அந்த மட்டத்தில் ஆடுபவர்கள் தங்கள் காலை அச்செடுத்து, அதற்கென்றே வார்த்த பூட்ஸைப் போடுவது வழக்கம். அதாவது உலகத்தின் வேகமான சக்கரக் கால்கள் மறுபடியும் பழைய செருப்புத் தைப்பவரின் முறைக்கே போய்விட்டன!

நம் காலை யார் அளந்தார்கள்?

இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம். தோலுக்கும் நமக்கும் என்ன உறவு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னைத் தோல் வெள்ளைக்காரன் காலத்திலேயே கப்பல் ஏறியது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கும் ஷூக்கள் ஐரோப்பாவுக்குப் போகின்றன. அவற்றை ஐரோப்பியக் காலுக்கான கட்டையில் தைப்பது நியாயம். ஆனால் நமக்கு விற்கும் ஷூவும் அவர்கள் விட்டுப்போன அளவிலேயே வந்துகொண்டிருந்தது. சுதந்திரத்துக்கு முன் வந்த ஆங்கிலேய அளவுக்குப் பதிலாக நமக்கென்று ஒரு அளவு முறை இருக்கவில்லை.

அடையாறில் 1948ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த வேலையைக் கையில் எடுத்தது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரால் அளந்தார்கள். பல பகுதி மக்களுக்கும் பல அளவு முறைகள் தேவைப்படும் என்று முதலில் நினைத்தார்களாம். ஒன்றே போதும் என்று தெரிந்தது. 'பா' என்று பெயரிட்டு, பச்சைக் குழந்தை முதல் பெரியவர் வரை எட்டுப் பிரிவுகளைப் பரிந்துரைத்தார்கள்.

அந்த ஆய்வில் இரண்டு விஷயங்களைப் படித்தபோது உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஒன்று: இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது. இரண்டு: நம் பெண்களின் கால் வளர்ச்சி சராசரியாகப் பதினோரு வயதில் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. ஆண்களுக்கு அது பதினைந்து, பதினாறு வயது.

அதாவது கடைக்காரர் சொன்ன 'ரொம்ப அகலம்' என்பது ரொம்பச் சாதாரணம். அப்பா சொன்ன 'வளர்ற கால்' ஏறக்குறைய வளர்ந்து முடிந்த கால். என் தங்கைக்குப் பதின்மூன்று!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை

காலை நேரத்தைவிட மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அதனால் மாலையில் அளக்க வேண்டும். சுவரை ஒட்டிக் காகிதம் போட்டு, குதிகாலைச் சுவரில் ஒட்டி, முழு எடையையும் வைத்து நிற்கச் சொன்னேன். நீளம் 232 மில்லிமீட்டர், அகலம் 95. இரண்டு காலையும் அளந்தோம். இடது கால் இரண்டு மில்லிமீட்டர் பெரிது. பெரிய காலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்கேட்களிலும் ராணுவ பூட்ஸ்களிலும் பயன்படும் மாண்டோபாயிண்ட் என்ற முறை இப்படித்தான் பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரிலேயே சொல்கிறது. வாற்கோதுமை தேவையில்லை.

அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சைஸ் என்றால் பதினேழு மில்லிமீட்டர் என்று ஸ்கேலில் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் ஃபேக்டரி டீம்ல ஆடினப்போ இன்னொருத்தன் ஷூவைத்தான் போட்டு ஆடுவேன். பெருவிரல் நகம் ரெண்டும் போயிடுச்சு. ஷூன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. அவரும் அதே எண்ணுக்குள் காலைத் திணித்தவர்தானே.

புது ஸ்கேட்டுக்குப் பணம் இல்லை. பயிற்சியில் ஒரு சீனியர் அக்காவுக்குச் சிறிதாகிப்போன பழைய ஜோடி, முன்பக்கம் அகலமான வடிவம், பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்தது. எங்கள் பெரிய ஜோடியை விற்று, மிச்சத்தை நான் டியூஷன் பணத்தில் போட்டேன். நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. மூன்றையும் பார்த்து வாங்கினோம். சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லியது. கையுறை மட்டும் இன்னும் பழசுதான், அடுத்த மாதம் பார்க்கலாம்.

இப்போது மூன்று வாரமாகக் கொப்புளம் இல்லை. திருப்பத்தில் இன்னும் விழுகிறாள். ஆனால் அது பழகாததால் விழுவது. விழுந்ததும், "அண்ணா, இது நான்தான், ஷூ இல்ல" என்று அவளே சொல்லிவிட்டு எழுகிறாள்.

நண்பர்களே, இன்று மாலை ஒரு காகிதமும் ஸ்கேலும் எடுத்து உங்கள் காலையும் வீட்டில் இருப்பவர்கள் காலையும் ஒரு தடவை அளந்து பாருங்கள். முக்கியமாக அம்மா காலை. எங்கள் அம்மா இருபது வருடமாக ஒரு சைஸ் தப்பாகப் போட்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த முறை வேறொரு விஷயத்தோடு சந்திப்போம். கடன் பத்திரம் இல்லை, பயப்படாதீர்கள் :-)